போதும் என்னும் கணக்கு

பொருளீட்டுவதை ஒரு மனிதன் எப்போது நிறுத்தலாம் என்னும் வினா நம் இல்லங்களில் இன்று புதிய வேகத்தோடு எழுந்திருக்கிறது. முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே, “சேர்த்தது போதும், இனி அந்தப் பொருளே நமக்குச் சோறு போடும்” என்று வேலையை உதறிவிட எண்ணும் இளைஞர்களைக் காண்கிறோம். அறுபதை நெருங்கியும் அரபு நாட்டு அறையொன்றில் ஆறேழு பேரோடு அடைந்து கிடந்து, “இன்னும் ஒரு வருஷம்” என்று சபரை நீட்டிக்கொண்டே போகும் பெரியவர்களையும் காண்கிறோம். இவ்விரு சாராரும் தத்தம் பக்கத்திற்கு மார்க்கத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். முன்னவர் ‘கனாஅத்’ என்கிறார். பின்னவர் ‘ஹலாலான கஸ்பு’ என்கிறார். வியப்பு என்னவெனில், இருவரும் துணைக்கு இழுக்கும் பெயர் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அது ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர்.

ஆகவே இமாம் அவர்களின் எழுத்துக்களையும், இன்றைய ஓய்வுக் கொள்கைக்கு மூலநூலெனக் கொண்டாடப்படும் ஓர் அமெரிக்க நூலையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்த்தோம். அப்படிப் படித்ததில் நமக்குத் தோன்றியவற்றை வாசகர் முன் வைக்கிறோம்.

அமெரிக்க நூலின் பெயர் ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’. ஜோ டொமிங்குவெஸ், விக்கி ராபின் என்னும் இருவர் எழுதி 1992-இல் வெளிவந்தது. டொமிங்குவெஸ் நியூயார்க் பங்குச் சந்தை வட்டாரத்தில் ஆய்வாளராக இருந்தவர். 1969-இல், தம் முப்பத்தொன்றாம் வயதில், சம்பள வேலையை விட்டவர். நூலின் முற்பகுதி உண்மையிலேயே படிக்கத்தக்கது. பணம் என்பது நம் ஆயுளை விற்று நாம் பெறும் விலை என்பதே அதன் அடிப்படை. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கூலி என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது பொய்க்கணக்கு என்று ஆசிரியர்கள் காட்டுகிறார்கள். வேலைக்குப் போய்வரும் செலவு, வேலைக்கென்றே வாங்கும் உடை, வேலையின் களைப்பைத் தீர்க்கச் செய்யும் செலவு ஆகிய எல்லாவற்றையும் கூலியிலிருந்து கழிக்க வேண்டும். பயணத்திலும் களைப்பிலும் கழியும் நேரத்தை வேலை நேரத்தோடு கூட்ட வேண்டும். அப்போது நிற்பதே உண்மைக் கூலி.

இந்தக் கணக்கை நம் சபராளிகள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இரண்டாண்டுக்கொரு முறை ஊர் வரும் விமானக் கட்டணம், வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாதென்று வாங்கும் அத்தரும் போர்வையும் பாதாமும், வந்த இடத்தில் விருந்து, கொடுத்துத் திரும்ப வாராத கைமாற்று இவை யாவும் கழித்தலில் சேர வேண்டியவை. கூட்டலிலோ, மனைவியின் தனிமையையும், தந்தையின் முகத்தைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளையின் பருவத்தையும் எத்தனை மணியென்று எழுதுவது? நூலாசிரியர்கள் அதற்கு வழி சொல்லவில்லை. வழியும் இல்லை. ஆயினும், வாழ்நாள் ஓர் அமானிதம், அதனை எதற்குச் செலவிட்டோம் என்று கேட்கப்படுவோம் என்னும் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இந்நூலின் முற்பகுதி அந்நியமாகத் தோன்றாது.

பிற்பகுதிதான் நம்மை நிறுத்துகிறது. சேமிப்பிலிருந்து வரும் வருமானம் மாதச் செலவைத் தாண்டும் நாளை அவர்கள் விடுதலை நாளாகக் காண்கிறார்கள். அந்த வருமானம் எங்கிருந்து வருவது? அமெரிக்க அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களிலிருந்து. அதாவது, வெளிப்படையான வட்டியிலிருந்து. 2018-இல் வந்த திருத்திய பதிப்பில் பங்கு நிதிகளைப் பற்றிய பேச்சு மிகுந்தது. எனினும் முதல் நூலின் கட்டடம் முழுதும் நிற்பது வட்டியென்னும் தூணின் மீதே. எதனை விடாதவரோடு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் என்று திருமறை அறிவித்ததோ, அதன்மீது ‘நிம்மதி’யை எழுப்ப முடியுமா என்று நம் இளைஞர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மொழிபெயர்த்தும் சுருக்கியும் இக்கொள்கையைப் பரப்புகிற நம்மவரில் பலர் இதனைக் கண்டும் காணாதவர்போல் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

வட்டியை விலக்கிவிட்டாலும் கணக்கு நேராகிவிடுவதில்லை. வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். சேர்த்த பொருளில் முதலாண்டில் நூற்றுக்கு நான்கு எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டு போனால் முப்பதாண்டுக்குப் பொருள் தீராது என்று, 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்கைக் கொண்டு அவர் காட்டினார். ஆண்டுச் செலவைப்போல் இருபத்தைந்து மடங்கு சேர்த்தால் போதும் என்னும் இன்றைய சூத்திரம் அங்கிருந்து வந்ததே. அது முதுமையில் ஓய்வு பெறுபவரின் முப்பதாண்டுக்கு, அமெரிக்கச் சந்தைக்குப் போட்ட கணக்கு. முப்பத்தைந்து வயதில் ஓய்வை நாடுபவருக்கு ஐம்பதாண்டு வேண்டியிருக்கலாம். இது பலரும் சொல்லும் குறை. நாம் சொல்ல வருவது வேறு. அந்தக் கணக்கில் ஜகாத் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் குடும்பத்தின் ஆண்டுச் செலவு 4 லட்சம் ரூபாய்; சூத்திரப்படி 1 கோடி சேர்த்துவிட்டு ஓய்வு பெறுகிறார். வட்டிக்கு அஞ்சி அதைப் பணமாகவோ தங்கமாகவோ வைத்திருக்கிறார் என்று கொள்வோம். விலைவாசி அசையவே இல்லை, பொருளும் வளரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஜகாத் இல்லையெனில் இருபத்தைந்து ஆண்டு வரும். ஜகாத் உண்டெனில், முதலாண்டுச் செலவு போக எஞ்சிய 96 லட்சத்தில் நாற்பதில் ஒரு பங்கு 2,40,000 ரூபாய். குடும்பம் உண்டது 4 லட்சம். ஏழையின் உரிமை அதற்கு மேல் ஏறத்தாழ இரண்டரை லட்சம். ஆண்டுதோறும் இவ்வாறே கழித்துக்கொண்டு போனால் பத்தொன்பதாம் ஆண்டு முடிவில் கையில் 2¼ லட்சமே நிற்கிறது. இருபதாம் ஆண்டின் செலவுக்கு அது போதாது. நாற்பதில் ஓய்வு பெற்றவர் அறுபதில், உடல் தளர்ந்த பிறகு, கூலி தேடிப் புறப்பட வேண்டியதுதான்.

இது ஷரீஅத்தின் கடுமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முடங்கிக் கிடக்கும் பொருளைக் கரைப்பதும், ஓடுகிற பொருளை வாழவிடுவதும் ஜகாத்தின் இயல்பு. அனாதைகளின் பொருளை வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள், ஜகாத் அதனைத் தின்றுவிடாதிருக்கட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் பணித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் செய்தி இதனையே சொல்கிறது. (சிறுவரின் பொருளில் ஜகாத் உண்டென்பது ஷாபிஈ மத்ஹபு, இல்லையென்பது ஹனபி மத்ஹபு. அந்த வாதம் ஈண்டு நமக்கு வேண்டியதில்லை.) வாடகைக்கு விட்ட கட்டடத்தின் மதிப்பில் ஜகாத் இல்லை, வாடகையில் செலவு போக எஞ்சி நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்ததிலேயே உண்டு என்பது பெரும்பாலான பிக்ஹு அறிஞரின் முடிவு. பங்குகளைப் பொறுத்து இக்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆகவே ஓய்வுக்குத் திட்டமிடும் முஸ்லிம் முதலில் போய்க் கேட்க வேண்டியது நிதி ஆலோசகரையா, தம் ஊர் ஆலிமையா என்றால், இருவரையும் என்போம். ஆனால் ஆலிமிடம் போகும்போது காகிதமும் பேனாவும் கொண்டு போக வேண்டும்.

நம் முன்னோர் இதைத் தம் அளவில் அறிந்தே இருந்தார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஈட்டியதை ஊரில் கடைக்கட்டடமாகவும் தோப்பாகவும் மாற்றினார்கள். அப்படி மாற்றாமல் சம்பாதித்த இடத்திலேயே விட்டு வைத்தவர்களில் பலர் 1942-இல் குண்டுக்கும் பசிக்கும் தப்பி பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தார்கள். போருக்குப் பின் திரும்பிப் போய் மறுபடியும் கடை விரித்தவர்கள் 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது மாற்றுடையோடு கப்பலேறினார்கள். ‘போதும்’ என்று நாம் போடும் கோட்டை நாம் மட்டும் போடுவதில்லை.

இனி இமாம் அவர்களிடம் வருவோம்.

ஓய்வை நாடுவோர்க்கு அவர்களின் வாழ்க்கை பெருங்கவர்ச்சி உடையது. ஹிஜ்ரி 484-இல், அதாவது 1091-இல், வஸீர் நிஸாமுல் முல்க் அவர்களால் பக்தாத் நிஸாமிய்யா கல்விக்கூடத்தின் ஆசிரியர் பீடத்தில் அமர்த்தப்பட்டார்கள். முந்நூறு மாணவர்கள் சூழ்ந்திருந்த அந்தப் பீடத்தை ஹிஜ்ரி 488 துல்கஃதாவில், முப்பத்தெட்டாம் வயதில், விட்டுப் புறப்பட்டார்கள். இந்தப் பிரிவைத் தம் ‘அல்முன்கிது மினள்ளலால்’ என்னும் நூலில் தாமே விவரிக்கிறார்கள். ரஜபு மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உழன்றது, பாடம் சொல்ல வாய் திறந்தால் நாவு எழாமற்போனது, உணவு இறங்காதது, இது உள்ளத்து நோய் என்று மருத்துவர் கைவிட்டது ஆகிய பகுதிகளைப் போல நேர்மையான தன்வரலாற்று எழுத்து அரபியில் வேறு அதிகமில்லை என்பது நம் துணிபு.

நம் சொற்பொழிவாளர்கள் இந்தக் கட்டத்தை உருக்கமாகச் சொல்வார்கள். “இமாம் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனார்” என்று முடிப்பார்கள். ஆனால் இமாம் எழுதியது அதுவன்று. தம்மிடமிருந்த பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு, தேவையளவும் பிள்ளைகளின் உணவுக்கு வேண்டியதும் மட்டும் ஒதுக்கி வைத்ததாக எழுதுகிறார்கள். அதோடு நில்லாமல், ஈராக்கின் பொருள் முஸ்லிம்களின் நலனுக்கென வக்பு செய்யப்பட்டது, ஓர் ஆலிம் தம் குடும்பத்துக்கென எடுத்துக்கொள்ள உலகில் இதைவிடத் தூய பொருளைத் தாம் கண்டதில்லை என்று காரணமும் கூறுகிறார்கள். துறவின் உச்சியில் நிற்கும் மனிதர் பிள்ளைகளின் சோற்றுக்குப் பொருளை ஒதுக்கி, அது எவ்வகைப் பொருள் என்பதையும் வாசகருக்குக் கணக்குக் காட்டுகிறார். இந்த ஒரு செய்தியை விட்டுவிட்டு முன்கிதைச் சொல்வது அந்நூலுக்குச் செய்யும் அநீதி.

அவர்களுக்கு இது தெரியாமற்போக வழியில்லை. கம்பளி நூற்று விற்று வாழ்ந்த தந்தை, இறக்கும்போது தம் இரு புதல்வரையும் சிறு தொகையையும் ஒரு ஸூபி நண்பரிடம் ஒப்படைத்தார். அத்தொகை தீர்ந்தவுடன், இனி ஒரு மதரஸாவில் சேருங்கள், அங்கே உணவு கிடைக்கும் என்று அந்த நண்பர் சொல்லிவிட்டார் என்று வரலாற்றாசிரியர் சுப்கீ எழுதுகிறார். சேமிப்பு தீரும் நாள் எப்படியிருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே கண்ட கண்கள் அவை.

இஹ்யாவுக்குப் போனால் இது மேலும் தெளிவாகும். அதன் இரண்டாம் கால்பகுதியில் பொருளீட்டும் ஒழுக்கங்களுக்கென்றே தனி நூல் இருக்கிறது. மறுமையை மறக்கடிக்கும் பிழைப்பு, பிழைப்பை மறக்கடிக்கும் மறுமை, மறுமைக்காகவே செய்யும் பிழைப்பு என மனிதரை மூவகையாக்கி, நம் போன்றோரை மூன்றாவதில் நிறுத்துகிறார்கள். தரையிலும் கடலிலும் வியாபாரம் செய்தும் பேரீச்சந்தோப்புகளில் உழைத்தும் வாழ்ந்த ஸஹாபாக்களை (ரலி) முன்மாதிரியாக வைக்கிறார்கள். பின்னர் பொருளீட்டாதிருத்தல் யாருக்குச் சிறந்தது என்று நால்வரைக் குறிக்கிறார்கள்: உடலால் வணக்கத்தில் மூழ்கியவர், உள்ளத்தால் ஆன்மிகப் பாதையில் செல்பவர், மக்களுக்கு மார்க்கத்தில் பயன்படும் ஆலிம், ஆட்சியாளரும் காழியும் போல முஸ்லிம்களின் பொதுநலனை ஏற்றவர். நால்வருக்கும், பிறரிடம் கையேந்தாமல் பொதுப்பொருளிலிருந்தோ வக்பிலிருந்தோ கிடைக்க வேண்டும் என்பது பின்னணி. கலீபாவாகிய பின் வியாபாரத்தை விட்டுப் பொதுப்பொருளிலிருந்து எடுத்துக்கொண்ட அபூபக்கர் (ரலி) அவர்கள், மரணத் தறுவாயில் அதனைத் திருப்பிச் செலுத்துமாறு மரண சாசனம் செய்ததையும் இமாம் அங்கே நினைவூட்டுகிறார்கள்.

இந்நால்வரில், சோர்வு நீங்கப் படுத்திருக்க விரும்புபவர் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க விரும்புபவரும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு வேலையை விடுவது அதைவிடக் கனமான வேலைக்காக. (மதரஸாவில் பாடம் சொல்லும் நம் போன்றோர் மூன்றாம் வகையில் ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள விரும்புவது இயல்பே. இமாம் கண்ட ஈராக்கின் வக்பு எங்கே, நம் ஊர் வக்புகளின் நிலை எங்கே என்று எண்ணியவுடன் அந்த ஆசை தானே அடங்கிவிடும்.)

தவக்குல் பற்றிய பகுதியில் இமாம் இன்னும் கண்டிப்பானவர்கள். தனியாள் பசியைப் பொறுத்துக்கொண்டு தவக்குல் வைக்கலாம். குடும்பமுடையவர் தம் பொறுமையைப் பிள்ளைகள் மீது சுமத்தக் கூடாது என்பது அவர்கள் தீர்ப்பு. குடும்பத்துக்காக ஓராண்டு உணவைச் சேமிப்பது தவக்குலுக்கு மாறன்று என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கியதே சான்று. எனினும் இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இமாம் அவர்களின் அளவுகோல் ஓராண்டு. அறுவடை ஆண்டுக்கொரு முறை வரும் உலகில் அது நிறைவான அளவுகோல். வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது, மருத்துவச் செலவொன்று பத்தாண்டுச் சேமிப்பை ஒரு வாரத்தில் விழுங்கும் என்னும் உலகில், ஓராண்டுக்குமேல் சேர்ப்பவரை உலகாசை பிடித்தவர் என்று இஹ்யாவைக் காட்டிக் கடிவது பொருந்தாது. வாரிசுகளைக் கையேந்த விடுவதினும் தேவையற்றவராக விட்டுச் செல்வது மேல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய ஹதீஸையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நேர்வினாவை நேராக எதிர்கொண்ட நூல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு முந்நூறாண்டு மூத்தது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது இப்னு ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) ஹிஜ்ரி 189-இல் காலமானவர்கள். அவர்களின் ‘கிதாபுல் கஸ்பு’, ஸரக்ஸீ (ரஹ்) அவர்களின் மப்ஸூத்தில் விளக்கவுரையோடு நமக்குக் கிடைக்கிறது. தேவையளவு ஈட்டுவது பர்ளு என்று அங்கே நிறுவப்படுகிறது. அதன்பின், தேவை நிறைந்தவர் தொடர்ந்து ஈட்டுவது சிறந்ததா, வணக்கத்துக்கென ஒதுங்குவது சிறந்ததா என்று கேட்கப்படுகிறது. ஈட்டுவதே சிறந்தது என்பவர்களின் வாதம், உழைப்பின் பயன் உழைப்பவரோடு நிற்பதில்லை, உழவனின் பயிரை ஊரே உண்கிறது என்பது. ஒதுங்குவதே சிறந்தது என்பது அந்த மத்ஹபின் பெரும்பாலான ஷைகுமார்களின் கருத்து. உழைப்பைப் பர்ளாக்கிய அதே நூல், ‘போதும்’ என்பதற்கு இடமும் விட்டிருக்கிறது. ‘இன்னும் ஒரு வருஷம்’ என்னும் நம் பெரியவர்கள் அந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்க வேண்டும். கட்டிய வீட்டின் மேல் இன்னொரு மாடி, பக்கத்து வீட்டாரைவிடப் பத்துப் பவுன் அதிகம் என்பவற்றுக்காகக் கழியும் ஆண்டை எந்த ஷைகும் பர்ளு என்று சொல்லவில்லை. அந்த ஆண்டின் மீது மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை இருந்தது.

இளைஞர்களிடம் நாம் கேட்பதோ வேறு. உங்கள் கணக்கில் ஜகாத் இருக்கிறதா? முதிய பெற்றோரின் செலவு இருக்கிறதா? விதவையாகித் திரும்பக்கூடிய ஒரு தங்கைக்கு இடம் இருக்கிறதா? நமது குடும்பங்களில் ஒருவரின் ஈட்டல் அவர் ஒருவருக்கானதாக இருந்ததே இல்லை. இருவர் வாழும் அமெரிக்க வீட்டின் செலவுக்குப் போட்ட இருபத்தைந்து மடங்கை, எட்டுப் பேர் உண்ணும் வீட்டில் கொண்டுவந்து வைத்தால் பெருக்குத்தொகையே மாறிவிடும்.

இமாம் அவர்களின் கதை பக்தாதோடு முடிந்துவிடவில்லை. பிள்ளைகளின் அழைப்பு தம்மை ஊருக்கு இழுத்ததென்று முன்கிதிலேயே எழுதுகிறார்கள். பதினோராண்டுக்குப் பின், ஹிஜ்ரி 499-இல், வஸீர் பக்ருல் முல்க்கின் வேண்டுகோளுக்கிணங்கி நைஸாபூரில் மீண்டும் பாடம் சொன்னார்கள். சில ஆண்டில் அதையும் விட்டுத் தூஸுக்குத் திரும்பினார்கள். ஹிஜ்ரி 504-இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பீடம் மறுபடியும் அவர்களைத் தேடி வந்தது. மறுத்து அவர்கள் எழுதிய பாரசீக மடல் ‘பழாயிலுல் அனாம்’ என்னும் தொகுப்பில் இருக்கிறது. பக்தாதுக்கு வந்தால் மானியமின்றி வாழ முடியாது. சுல்தான்களிடம் பொருள் பெறுவதில்லை என்று தாம் நேர்ந்திருப்பதோ அதற்குத் தடை. தூஸில் சிறு நிலமொன்று இருக்கிறது, சிக்கனமாக இருந்தால் அது தமக்கும் பிள்ளைகளுக்கும் போதும். இங்கே நூற்றைம்பது மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பன அதில் அவர்கள் கூறும் காரணங்களில் சில. அதற்கு அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 505-இல், அந்தத் தூஸிலேயே அவர்கள் வபாத்தானார்கள்.